நாய் எதுவரை வரும்

ராம் நகர் வளாகத்தின் மேல்மாடிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்கள் வாசலிலேயே இரண்டு காரியம் செய்வார்கள். செருப்பைக் கழற்றுவார்கள். தங்களுக்கு மிகவும் பிடித்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொள்வார்கள்.

எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். சின்ன வயதில் போனிலும் பிரவுசிங் சென்டரிலும் விளையாடி, வீட்டில் திட்டு வாங்கியவர்கள். அந்த ஆட்டங்கள் இப்போது இல்லை. போன்கள் செத்தன. ஆட்டங்களை வைத்திருந்த கம்பெனிகள் சர்வர்களை அணைத்துவிட்டு வேறு தொழிலுக்குப் போயின. பெரிய ஆட்டங்கள் சில பிழைத்தன. சின்ன ஆட்டங்களை யாரும் எடுத்து வைக்கவில்லை. விளையாடியவர்களின் தலைக்குள் மட்டும் அவை ஓடிக்கொண்டிருந்தன.

தலைக்குள் இருப்பதை வெளியே எடுக்க வழி வந்தபோது முதலில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு கோர்ட்டில் சாட்சிகளுக்கு. கடைசியாக இவர்களுக்கு. உள்ளறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. பல் மருத்துவரிடம் இருப்பவை போல.

கிருத்திகா ஆறு வருடங்களாக வருகிறாள். ஒரு முறைகூட நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

அன்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். பெயர் ரிஸ்வான். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். வெள்ளைத் தாடி. இஸ்திரி கலையாத சட்டை. கையில் தேங்காய் பன் பொட்டலம். நாற்காலிகளைக் கவனித்துக்கொள்ளும் இதழினி அவருக்கு விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் முப்பது வயதுக்காரி அவள் ஒருத்திதான்.

"ரெண்டு பேர் எதுக்குங்க? என் தலையில இருக்கிறது போதாதா?" என்றார் ரிஸ்வான்.

"போதாதுங்க சார். ஒருத்தர் ஞாபகத்துல பாதி ஆசை கலந்திருக்கும். ரெண்டு பேரோடதும் எங்க ஒத்துப்போகுதோ அதுதான் ஆட்டம். ஒத்துப்போகாத இடம் சாம்பல் கலர்ல வெறுமையா வந்துடும்."

"அப்ப பேரைச் சொல்றேன். அதை விளையாண்ட ஆளு இன்னொருத்தரைத் தேடிக் குடுங்க."

"பேரு ஞாபகம் இருக்குங்களா?"

அவர் யோசித்தார். தாடியைத் தடவினார். "இல்லீங்க."

"யாருக்குமே இருக்காது. ஒரே ஆட்டம் நாலு பேர்ல வந்திருக்கும்."

"சரி, என்ன ஆட்டம்னு சொல்றேன். அதுல பாருங்க..."

"ஐயோ!" இதழினி கையை நீட்டினாள். வாயைப் பொத்திவிடுவாள் போலிருந்தது. "சொல்லவே கூடாது. ஒரு தடவை வாயால சொல்லிட்டீங்கன்னா அப்புறம் சொன்னதுதான் நிக்கும். பாத்தது போயிடும். நாற்காலியில உக்காந்தா உங்க வார்த்தைதான் வரும். ஆட்டம் வராது. வீட்ல யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

"கேக்கறதுக்கு யாருங்க இருக்கா?"

"நல்லதாப் போச்சு."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஹரிஷ் சிரித்தார். "வீட்ல பேச்சுத்துணை இல்லைன்னா நல்லதாப் போச்சுன்னு சொல்ற ஒரே இடம் இதுதான் சார். உக்காருங்க, பழகிடும்."

அதுதான் அந்த இடத்தின் வழக்கம். நாற்காலிகள் வந்த பிறகு ஊர் முழுக்க, அதற்கு வெளியிலும், அந்த வயதுக்காரர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் பற்றி வாய் திறப்பதில்லை. சொன்னால் போய்விடும் என்ற பயம். கணவன் மனைவியிடம் சொல்வதில்லை. நண்பன் நண்பனிடம் சொல்வதில்லை. பிடிக்காத ஆட்டங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள்.

"பின்ன எப்படிங்க ஜோடி கண்டுபிடிக்கிறது?"

"யூகம்தான். ஒருத்தர் கேப்பாங்க, இன்னொருத்தர் பதில் சொல்லணும். பத்துக் கேள்வி. ஆமா, இல்லை. அவ்வளவுதான் பதில். அதுக்கு மேல கேட்டா, கேக்கிறவர் சொல்றதே உங்களுக்கு ஞாபகமாயிடும். ரெண்டு பேரோடதும் ஒண்ணுன்னு தோணுச்சுன்னா அவங்க 'என்னோடதும்'னு சொல்லுவாங்க. போய் உக்காரலாம்."

"தப்பாச் சொல்லிட்டா?"

"எடுக்கிறப்பவே ஞாபகம் கொஞ்சம் மங்கிடும் சார். ரெண்டாவது தடவை எடுத்தா ஒண்ணும் தேறாது. அதனால தப்பான ஆளோட உக்காந்தா ரெண்டு பேருக்கும் போச்சு. சந்தேகம் இருந்தா இல்லைன்னு சொல்லிடணும். ஒருத்தர் பத்துக் கேள்வி கேட்டு இல்லைன்னுட்டா, அதே ஜோடி மறுபடி உக்காந்து கேக்க முடியாது."

ரிஸ்வான் பன் பொட்டலத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்தார். "சரி, யாரு கேக்கிறீங்க?"

"அக்கா, நீங்க கேளுங்க" என்றாள் இதழினி.

கிருத்திகா எதிர் நாற்காலிக்கு வந்தாள். அவள் கேட்பதில் கெட்டிக்காரி என்று அங்கே பெயர். சுற்றி வளைக்க மாட்டாள்.

"போன்ல விளையாண்டதுங்களா?"

"ஆமா."

"சண்டை உண்டுங்களா?"

"இல்லை."

"ஜெயிக்கிறது தோக்கிறது?"

"இல்லை."

"நடந்துட்டே போறதா?"

"ஆமா."

அவள் குரல் மாறாமல் பார்த்துக்கொண்டாள். இந்த இடம் வரைக்கும் முன்பும் சிலர் வந்திருக்கிறார்கள். அடுத்த கேள்வியில் கழன்றுகொள்வார்கள்.

"இருட்டுன நேரம்?"

"ஆமா."

"நம்ம ஊரு மாதிரி ஊரா?"

"ஆமா."

"மழை?"

"ஆமாங்க."

அவளுடைய ஆட்டத்திலும் மழை பெய்யும்.

அவளுடைய ஆட்டம் என்றால், அவள் செய்த ஆட்டம். இது அங்கே யாருக்கும் தெரியாது. இருபத்து மூன்று வயதில், அடுத்தவர்களுக்கு ஆப் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலங்களில் தனியாக உட்கார்ந்து செய்தது. கடைசி பஸ் போய்விட்டது. ஊருக்குள் நடந்து வீடு போக வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இலவசமாகப் போட்டாள். சில நூறு பேர் இறக்கிக்கொண்டார்கள். ஒருவர் 'போரடிக்குது' என்று எழுதினார். இன்னொருவர் அதைக்கூட எழுதாமல் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். பிறகு அவள் புதுப்பிக்காமல் விட்டதால் அது ஆப் ஸ்டோரிலிருந்து நீங்கியது. கம்பெனி மூடியபோது அவள் கம்ப்யூட்டரும் போயிற்று.

செய்தவர்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது விதி. விளையாடியவள் என்று சொல்லித்தான் அவள் சேர்ந்தாள். தானும் விளையாடியிருக்கிறாள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறு வருடங்களாக அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அதை யாராவது ஒருவர், எங்கேயாவது, முழுசாக விளையாடினாரா?

"நாய் உண்டுங்களா?" என்றாள்.

ரிஸ்வான் நிமிர்ந்தார். "ஆமா."

ஹரிஷ் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

கிருத்திகாவுக்கு இன்னும் இரண்டு கேள்வி. தன் ஆட்டத்தில் மட்டும் உள்ளதைக் கேட்க வேண்டும். அவள் நாய் தெருமுனை வரைக்கும் கூட வரும். முனையில் நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் வாலை ஆட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். தெரு நாய்களுக்கு எல்லை உண்டு. அதை அவள் கவனமாகச் செய்திருந்தாள்.

"அந்த நாய் பாதியில நின்னுடுமா?"

ரிஸ்வான் சிரித்தார். பல் தெரிய, சின்னப் பையன் மாதிரி. "இல்லை."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குக்கா" என்றாள் இதழினி.

"வேண்டாம். என்னோடது இல்லீங்க."

ரிஸ்வான் தலையாட்டினார். "பரவால்லீங்க. ரொம்பக் கிட்ட வந்தீங்க" என்றார். "அடுத்த வாரமும் வர்றேன். அதுக்கப்புறம் மக வீட்டுக்கு மஸ்கட் போயிருவேன்."

படியில் இறங்கும்போது அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அதே இருட்டு, அதே மழை, அதே மாதிரி ஊர். ஆனால் நாய் நிற்காமல் கூடவே வருகிறது. யாரோ தனக்குத் தோன்றாத ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அது தன்னுடையதைவிட நல்ல ஆட்டம்.

வீட்டில் நவநீதன் சுவர்த்திரையில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார். அவள் கணவர். பம்ப் கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த ஆட்டம் கிரிக்கெட் ஒன்றுதான்.

"இன்னிக்கும் ஆள் சிக்கலியா?"

"இல்ல."

"சிக்கும் சிக்கும். எங்க ஓடிப் போயிரும்?"

அவர் ஆறு வருடங்களாக இதைத்தான் சொல்கிறார். என்ன ஆட்டம் என்று கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பதால் மட்டுமில்லை என்று அவள் நினைத்தாள். கல்யாணத்துக்கு முந்தைய வருடம் அந்த ஆட்டத்தை அவருக்கு அனுப்பியிருந்தாள். ஒரு வாரம் கழித்து, "நல்லா இருந்துச்சு" என்றார். மேலே ஒரு வார்த்தை வரவில்லை. திறந்தே பார்த்திருக்க மாட்டார் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும் பயமாக இருந்தது.

புதன்கிழமை காலை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த நாய்க்கு நிரல் எப்படி எழுதினோம் என்று மனசு போயிற்று. வரி வரியாக ஞாபகம் வந்தது. அதுதான் செய்தவர்களின் வியாதி.

நாய் நடக்கும். நடந்து வரும் நாய் முனைக்கு வந்ததும் நிற்கும். அது சரி. நடுவில் ஒரு டீக்கடை உண்டு. மூடின கடை, தகரக் கூரை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே நடக்காமல் சும்மா நின்றால் நாய் உட்காரும். உட்காரும் படம் ஒன்று ஆசையாக வரைந்திருந்தாள். நாய் உட்கார்ந்தால் 'உட்கார்ந்திருக்கிறது' என்று நிரலுக்குள் ஒரு குறிப்பு விழும். பிறகு ஆள் நகர்ந்தால் நாய் எழுந்து பின்னால் வரும்.

எழுந்ததும் அந்தக் குறிப்பை எங்கே அழித்தோம்?

கத்தியைக் கீழே வைத்தாள். மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். எங்கேயும் அழிக்கவில்லை. எழுந்து நடந்தாலும் நிரலுக்கு அது உட்கார்ந்திருக்கும் நாய்தான். முனையில் நிற்கச் சொன்னது நடந்து வரும் நாயிடம். உட்கார்ந்து எழுந்த நாயிடம் யாரும் சொல்லவில்லை. அது முனையைத் தாண்டும். பஜனைக் கோயிலைத் தாண்டும். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும். வீடு வரைக்கும் வரும்.

அவள் அந்த ஆட்டத்தை ஆயிரம் தடவை ஓட்டியிருக்கிறாள். ஒரு தடவைகூட டீக்கடையில் நின்றதில்லை. செய்தவளுக்கு நிற்க நேரம் ஏது? அடுத்த தெரு சரியாக வருகிறதா என்று பார்க்க ஓடிக்கொண்டேயிருந்தாள்.

"என்ன கிருத்தி, தனியா சிரிச்சிட்டிருக்க?" என்றார் நவநீதன் வாசல்படியிலிருந்து.

"வெங்காயம்" என்றாள்.

"வெங்காயத்துக்கு யாராச்சும் சிரிப்பாங்களா?"

அன்று மத்தியானமே ராம் நகருக்குப் போனாள். மேல்மாடியில் இதழினி மட்டும் இருந்தாள். நாற்காலிகளின் தலைப்பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரிஸ்வான் சாரோட ஆட்டமும் என்னோடதும் ஒண்ணுதான்."

"அக்கா, நீங்கதான் இல்லைன்னு சொல்லிட்டீங்களே. மறுபடி கேக்க முடியாது."

"தெரியும். இன்னொண்ணும் சொல்லணும். அதை நான் விளையாடலை. நான்தான் செஞ்சேன்."

இதழினி துணியை மடித்தாள். கோபப்படுவாள் என்று கிருத்திகா எதிர்பார்த்தாள். அவள் உட்கார்ந்து, பக்கத்து ஸ்டூலைத் தள்ளிவிட்டாள்.

"ஏன் செஞ்சவங்களை உக்கார விடறதில்லைன்னு தெரியுமா?"

"விதின்னு தெரியும்."

"நீங்க சேர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு. ஒரு பைக் ரேஸ் செஞ்சவரு. ரசிகர்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. கூட உக்காந்தது ஒரு அம்மா. ஆட்டம் வந்துச்சு. அந்தம்மா விளையாடிப் பாத்துட்டு அழுதுட்டாங்க. அதுல ஒரு சந்து இருந்துச்சாம். சுவத்துல இடிக்காம உள்ள பூந்து போயிடலாமாம். அவங்களும் அவங்க தம்பியும் மட்டும் கண்டுபிடிச்சது. அது இருந்த இடத்துல வெறும் சாம்பல்."

"அவர் வேணும்னு மறைச்சாரா?"

"அதான் இல்லக்கா. அவர் ஞாபகத்துல அங்க சந்தே கிடையாது. அவரு சுவருதான் வச்சாரு. சுவருதான் ஞாபகம்."

கிருத்திகா நாற்காலிகளைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் 'என்னோடதும்' என்று சொல்லியிருந்தால்? பக்கத்து நாற்காலியில் ரிஸ்வான். முனையைத் தாண்டி வரும் நாய் அவர் தலையில். முனையில் நிற்கும் நாய் இவள் தலையில். முனையிலிருந்து வீடு வரைக்கும் சாம்பல். அவர் நாயை அவர் கண் முன்னாலேயே அழித்திருப்பாள். அவருக்குப் பிறகு அந்த நாயைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

"அப்ப இன்னொரு ஆள் வேணும்" என்றாள்.

"வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"வீட்டுக்காரருக்கு. ஆனா அவர் விளையாடினாரான்னு தெரியாது."

"கேக்கவே இல்லியா?"

"இல்ல."

இதழினி ஸ்டூலைக் கிட்டே இழுத்தாள். "கூட்டிட்டு வாங்க. அவர்தான் கேக்கணும். என்ன ஆட்டம்னு நீங்க மூச்சு விடக் கூடாது. பழைய ஞாபகம் ஏதாச்சும் கிளறி விட்டாக்கூட அது உங்க ஞாபகமாயிடும். அவரு வேற எதையாச்சும் நினைச்சுட்டு வந்து பத்தையும் கேட்டுட்டா முடிஞ்சுது. ரிஸ்வான் சார் ஃப்ளைட் ஏறிடுவாரு."

"அவருக்குக் கிரிக்கெட்தான் தெரியும்" என்றாள் கிருத்திகா.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். "நாளைக்கு எங்கூட வர்றியா?"

"எங்க, உங்க வாய்பேசா சங்கத்துக்கா?"

"ஆமா. உனக்கு எல்லாத்துலயும் ரொம்பப் பிடிச்ச ஆட்டம் எதுவோ அதை மனசுல வச்சுக்கோ. ஒருத்தர் இருப்பார். அவர்கிட்டக் கேள்வி கேக்கணும்."

"ரொம்பப் பிடிச்சதுன்னா?"

"பிடிச்சதுன்னா பிடிச்சதுதான்."

"இப்பவா, அப்பவா?"

"நவநீ, எங்கிட்டக் கேக்காத."

அவர் மோரை ஊற்றிக்கொண்டார். "தின்றதுக்கு ஏதாச்சும் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்ப வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் வழக்கம்போல முன்னால் நடந்தாள். அவர் பின்னால் வந்தார். "ஓடாத, மாடி எங்கயும் போயிடாது" என்றார்.

ரிஸ்வான் அதே நாற்காலியில், அதே மாதிரி பன் பொட்டலத்தோடு இருந்தார். இதழினி நவநீதனை எதிரில் உட்காரவைத்தாள். கிருத்திகாவை அவர் முதுகுக்குப் பின்னால், சுவரோரம் உட்காரச் சொன்னாள். அவள் முகம் அவருக்குத் தெரியக் கூடாது. அவளுக்குத் தெரிந்தது அவருடைய பிடரியும் சட்டைக் காலரும்தான்.

"வணக்கமுங்க" என்றார் நவநீதன். "எனக்கு இதெல்லாம் புதுசு. தப்பாக் கேட்டா மன்னிச்சுக்கோங்க."

"நானும் போன வாரம் வந்தவன்தானுங்க" என்றார் ரிஸ்வான்.

"பிடிச்ச ஆட்டத்தை முடிவு பண்ணிட்டீங்களா சார்?" என்றாள் இதழினி.

"அதெல்லாம் எப்பவோ பண்ணிட்டேன்."

அவர் தொண்டையைச் செருமினார். கிருத்திகா தரையைப் பார்த்தாள்.

"மழை வருமுங்களா?"

"மேட்ச் நின்னு போச்சு, போங்க!" என்றார் ஹரிஷ். அறையே சிரித்தது. கிருத்திகாவும் சிரிக்கப் பார்த்தாள். கிரிக்கெட்டிலும் மழை வரும். ஒவ்வொரு ஞாயிறும் அவர் அதைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறாள்.

"ஆமா" என்றார் ரிஸ்வான்.

நவநீதன் அவசரப்படவில்லை. அவர் எதற்கும் அவசரப்பட மாட்டார். பம்ப் பழுது பார்க்கப் போனால்கூட முதலில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் திருகாணியைத் தொடுவார்.

"மழைக்கு எங்கியாச்சும் ஒதுங்கி நிக்க இடம் உண்டுங்களா?"

"ஆமா."

"நிக்கலாம், நிக்காமயும் போலாம்?"

"ஆமா."

"நின்னாத்தான் ஒண்ணு நடக்கும். நிக்காமப் போனா அது நடக்காது. சரிங்களா?"

ரிஸ்வான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முழங்கால் மேஜையில் இடித்தது. "ஆமாங்க. ஆமா."

நவநீதன் குரலைத் தாழ்த்தினார். அந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் கேட்கத் தேவையில்லை என்பதுபோல.

"நாய்தானுங்களே?"

ரிஸ்வான் 'ஆமா' என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"என்னோடதும்" என்றார் நவநீதன்.

"இன்னும் அஞ்சு கேள்வி இருக்கு சார்" என்றாள் இதழினி.

"எதுக்குங்க?"

கிருத்திகா சுவரோரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த டீ கையில் இருந்தது. அதை எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. வெகு நேரம் ஆயிற்று. ஹரிஷ் பன் எல்லாவற்றையும் தின்று முடித்தார். "உங்க வீட்டுக்காரர் ஊமைக் குசும்பரா இருப்பாரு போலிருக்கே" என்றார். அவள் ஆமாம் என்றாள்.

திரையில் ஆட்டம் வந்தபோது எல்லாரும் கூடி நின்றார்கள். முதலில் ரிஸ்வான் கையில் கொடுத்தார்கள். அவருக்கு வழி தெரிந்திருந்தது.

பஸ் நிலையம். காலி. மழை. தெரு.

பாதி தெரு சாம்பலாக இருந்தது. கடைப் பலகைகளில் எழுத்து இல்லை. குட்டைகளில் தெருவிளக்கு பிரதிபலிக்கும்படி கிருத்திகா ஒரு மாதம் மெனக்கெட்டிருந்தாள். குட்டைகள் இருந்தன. விளக்கு இல்லை. சுவரில் அவள் வரைந்த நாடகப் போஸ்டர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதை இருவரில் யாரும் பார்க்கவேயில்லை.

டீக்கடை மட்டும் முழுசாக இருந்தது. தகரத்தின் ஒவ்வொரு மடிப்பும். கூரை விளிம்பில் சொட்டும் தண்ணீர். ரிஸ்வான் அதன் கீழே நின்றார். சும்மா நின்றார்.

நாய் வந்தது. மங்கலான பழுப்பு, ஒரு காது மடங்கியது. அதில் சாம்பல் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட முடிகூடத் தெரிந்தது. அவள் வரைந்ததைவிட அழகாக இருந்தது. அது உட்கார்ந்தது.

ரிஸ்வான் நடந்தார். நாய் எழுந்தது. முனை வந்தது. கிருத்திகா திரைக்குக் கிட்டே போனாள்.

நாய் முனையைத் தாண்டியது.

"இப்பப் பேசலாமுங்களா?" என்றார் ரிஸ்வான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பேசலாம் சார். இனிமே எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்" என்றாள் இதழினி.

அவர் பேசினார். நிறுத்தவேயில்லை. காரமடைப் பக்கம் ஒரு மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து அறைக்கு நடந்து போக வேண்டும். ஊர் புதிது, ஆள் பழக்கமில்லை. ஒரு நாள் விளையாடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது, பேசிவிட்டுத் திரும்பினால் நாய் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் அது வீடு வரைக்கும் வந்தது. பிறகு தினமும் நிற்பார். கல்யாணம் ஆன பிறகு மனைவிக்குக் காட்டினார். "உங்களுக்கு நாய்னா பயம், இதுல மட்டும் கொஞ்சறீங்க" என்றாளாம். அவள் போய் நாலு வருடம். இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்.

ஹரிஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதைச் செஞ்சவங்க யாருன்னு தெரியலீங்க" என்றார் ரிஸ்வான். "பெரிய ஆளுங்க. அவசரமாப் போறவனுக்கு நாய் முனை வரைக்கும்தான். நின்னு போறவனுக்குத்தான் வீடு வரைக்கும். எவ்வளவு யோசிச்சு வச்சிருக்காங்க பாருங்க."

இதழினி கிருத்திகாவைப் பார்த்தாள். கிருத்திகா மெதுவாகத் தலையசைத்தாள். வேண்டாம் என்று.

"ஆமாங்க" என்றாள். "நல்லா யோசிச்சிருக்காங்க."

ரிஸ்வானுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்து, பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நவநீதனின் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை. படி வரைக்கும் அப்படியே வந்தார்கள், இரண்டு கிழவர்களும், நாயைப் பற்றிப் பேசிக்கொண்டு.

பஸ் நிறுத்தத்தில் அவளும் அவரும் மட்டும் நின்றார்கள். வெயில் இறங்கியிருந்தது.

"நீ முழுசா விளையாடியிருக்க" என்றாள்.

"அதான் அப்பவே சொன்னேனே. நல்லா இருந்துச்சுன்னு."

"அவ்வளவுதான் சொன்ன."

"வேற என்ன சொல்லணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "நவநீ, அந்த நாய் முனையோட நிக்கணும். வீடு வரைக்கும் வர்ற மாதிரி நான் வைக்கவே இல்ல. அது என் தப்பு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ எங்கயாச்சும் நின்னு நான் பாத்திருக்கனா? மழைக்கு நின்னா நாய் வீடு வரைக்கும் வரும்னெல்லாம் உனக்கு எங்க தோணப் போகுது?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சரி பண்ணியிருப்ப."

அன்றைக்கே உட்கார்ந்து சரி பண்ணியிருப்பாள். ஒரு வரி போதும்.

அவர்களுடைய பஸ் வந்து நின்றது. உட்கார இடம் இருந்தது. அவர் ஏறப் போனார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். "இரு. அடுத்ததுல போலாம்."